ரோட்டோரம் ஒரு வீடு

"இதையும் வேண்டாம்னா எப்படிங்க பாய்? காலையிலேர்ந்து இது நாலாவது வூடு!"

வீட்டுத் தரகர் சென்றாயன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே கேட்டார். நல்லம்பள்ளியில் அந்த வீட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தது. எந்நேரமும் தண்ணீர். கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம். தெருவில் கோழி நடக்கும் சத்தம்கூடக் கேட்டது, அவ்வளவு அமைதி.

"நல்ல வூடுதாங்க," என்றான் ஜாவீத். மூன்று வயது மகள் ஹீனா அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "ஆனா மெயின் ரோட்டுலேர்ந்து ரொம்ப உள்ளார இருக்கே."

"அதுக்குத்தானே எல்லாரும் இங்க போட்டி போடறாங்க! தர்மபுரியில பள்ளிவாசலுக்குப் பக்கத்துல காட்டினேன். பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒண்ணு காட்டினேன். திருச்சியிலேர்ந்து குடி வர்றவரு, உங்களுக்கு என்னதான் வேணும்னு சொல்லிடுங்க."

"தொப்பூர்ல ஹைவேயை ஒட்டி, லாரிங்க நிக்கற இடத்துக்குப் பக்கத்துல ஒரு வூடு கெடைக்குமாங்க?"

சென்றாயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பதினைந்து வருடத் தரகில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"அங்க எந்நேரமும் ஹாரன் சத்தம்தான். பொகை வேற. இந்தச் சின்னப் புள்ளைய வச்சிக்கிட்டு அங்க போயா இருப்பாங்க?"

"லாரி டிரைவர் குடும்பங்க நாங்க," ஜாவீத் சிரித்தான். "கொச்சிக்கும் பெங்களூருக்கும் லோடு. மாசத்துல எட்டு தடவை தொப்பூரைத் தாண்டித்தான் வண்டி போவுது. திருச்சின்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வூட்டுக்கு வர முடியுது. இங்க இருந்தா எட்டு வேளைச் சோறாவது ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

சென்றாயன் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டார். பைக்கை எடுத்தார்.

தொப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையை ஒட்டினாற்போல் இருந்தது ராணியம்மாளின் வீடு. கடைக்கு முன்னால் காலி இடத்தில் லாரிகள் நின்றிருந்தன. ஜாவீத் கூடத்தைப் பார்க்கவில்லை, படுக்கையறையையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தான். கணவாயிலிருந்து இறங்கி வரும் சாலை தெரிந்தது.

"வண்டி வர்றது இங்கிருந்தே தெரியுதுங்க! பார்த்ததும் தோசைக்கல்லைப் போட்டா, ஓரங்கட்டி நிறுத்தறதுக்குள்ள சூடா ரெண்டு தோசை ஆயிடும்."

"சமைக்கறவங்களை ஜன்னல்லயே காவலுக்கு நிறுத்திடுவீங்க போலிருக்கே!" என்றார் சென்றாயன்.

வாசலில் நின்ற ராணியம்மாள் சிரிக்கவில்லை.

"லாரி டிரைவருக்கு நான் வூடு தர்றதில்ல சென்றாயா. முன்ன இருந்தவன் குடிச்சிட்டு வந்து பண்ண ரகளை போதும். பொண்டாட்டி புள்ளைங்க எங்க வூட்டுல வந்து படுத்துக்கும்."

"எங்க வூட்டுல யாரும் குடிக்கறதில்லீங்கம்மா."

"அவனும் இதைத்தான் தம்பி சொன்னான்."

ஜாவீத்தின் முகம் வாடிவிட்டது. மகளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். கொஞ்சம் தயங்கிப் பிறகு சொன்னான்.

"ரெண்டு மாசம் கழிச்சு, போன ரம்ஜானுக்கு வூட்டுக்கு வந்தப்ப, இவளுக்கு அடையாளமே தெரியலீங்கம்மா. யாரோன்னு பயந்து கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. ஆசையா வாங்கிட்டு வந்த கவுனைத் தொடக்கூட இல்ல. அன்னிக்குத் திரும்பிப் போறப்ப ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கை வரல. இந்த வேலையே வேண்டாங்கற அளவுக்குப் போயிடுச்சு. ஆனா ஆசைப்பட்டுக் கத்துக்கிட்ட தொழில். விடவும் மனசில்ல. அதான், வண்டி போற வழிக்கே வூட்டைக் கொண்டாந்துடலாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம்."

ராணியம்மாள் அருகில் வந்தார். தூங்கும் குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"சரி. ஆனா ஒண்ணு, தம்பி. நாள் பூரா இந்தச் சத்தத்துல கெடக்கப்போறது வூட்டுப் பொம்பளை. நீங்களா முடிச்சுட்டு அவளைக் கொண்டாந்து தள்ளிடக் கூடாது. வூட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. அவ வாயால சரின்னு சொன்னாத்தான் சாவி."

ஜாவீத் போனைப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"இன்னிக்கே வர்றாங்கம்மா. இன்னும் பத்து நிமிஷத்துல வந்துருவாங்க."

அதற்குள் ஹீனா விழித்துக்கொண்டாள். ராணியம்மாள் கொடுத்த பிஸ்கட்டைக் கடித்தபடி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தர்மபுரியிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்று போனது. ராணியம்மாள் எட்டிப் பார்த்தார். இரண்டு கிழவர்கள்தான் இறங்கினார்கள்.

"காணோமே தம்பி?"

"அதோ, வந்துட்டாங்க," என்று ஜாவீத் கை நீட்டினான்.

பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று கணவாயிலிருந்து இறங்கி வந்து, நின்றிருந்த இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே திருப்பில் நுழைந்து அளவெடுத்தாற்போல் நின்றது.

"அடப் பாவமே, லாரியில ஏறியா வர்றாங்க?" என்றபடி சென்றாயன் கிளீனர் பக்கத்துக் கதவையே பார்த்தார்.

திறந்ததோ டிரைவர் கதவு. காக்கிச் சட்டையும் தலையைச் சுற்றி இறுக்கிய துப்பட்டாவுமாக ஒரு பெண் ஸ்டியரிங்கை விட்டுக் கீழே குதிக்க, ஒரு நொடி உற்றுப் பார்த்த ஹீனா, "அம்மா!" என்று கத்திக்கொண்டு அவளை நோக்கி ஓடினாள்.