பச்சைப் பொன்னாடை

பொன்னாடையை மகனுக்குத்தான் போர்த்த வேண்டும் என்பதில் மட்டும் நகராட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் காவல் துறைக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

பரளச்சியில், இன்பராஜின் வீட்டு வாசலில் நின்று, வீடற்றோர் காப்பகத்தின் பொறுப்பாளர் தங்கலட்சுமி அதைப் பிரித்தார். டவுனில் அவரே பார்த்து வாங்கியது. பச்சை நிறம், அகலமான சரிகைக் கரை.

வேனிலிருந்து இன்பராஜின் தந்தை பூமிநாதன் இறங்கினார். முதலில் பேருந்து நிலையத்திலும் பிறகு காப்பகத்திலும் படுத்துக் கிடந்த பெரியவர். இன்று சவரம் செய்து, சட்டை மாற்றி, சொந்த வீட்டு வாசலில் விருந்தாளியைப் போல நின்றார்.

"கொஞ்சம் சிரிங்க பெரியவரே, ஒங்க வீட்டுக்குத்தான வந்திருக்கீக" என்றார் படம் எடுத்த காவலர்.

இந்த ஒரு நாளுக்காகத் தங்கலட்சுமி ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. மகனைத் தேடிப் பிடித்தது ஒரு துறை, பேசி இணங்க வைத்தது ஒரு துறை, வேன் கொடுத்தது இன்னொரு துறை.

"எங்கப்பாவ நான் பாக்காம வேற யாரு மேடம் பாப்பாக?" என்றார் இன்பராஜ். பொன்னாடை விழுந்த தோளோடு தந்தையை அணைத்துக்கொண்டார்.

குடும்பத்தோடு சேர்ந்தவருக்குக் காப்பகத்தில் இடமில்லை என்பது மேலிடத்து உத்தரவு. பூமிநாதனின் கட்டில் மதியமே வேறொருவருக்குப் போய்விட்டது. தங்கலட்சுமிக்கு அதில் வருத்தமில்லை. இனி அது உங்களுக்கு எதற்கு ஐயா என்று அவரிடமே சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

திருச்சுழிக்குப் போய், அங்கே ஒரு கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்து, அருப்புக்கோட்டைக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. அதற்குள் படம் மாவட்டம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. கைப்பேசியில் பாராட்டுகள் ஓயவில்லை.

வீட்டுக்குப் போக, பேருந்து நிலையத்தில் மல்லாங்கிணறு பேருந்து நிற்குமிடத்துக்கு நடந்தார்.

தூணடியில் யாரோ காலை மடக்கிப் படுத்திருந்தார்கள்.

முகம் தெரியவில்லை. பச்சைதான் தெரிந்தது. பிறகு சரிகைக் கரை.

தங்கலட்சுமி வாய் திறப்பதற்குள் பூமிநாதன் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"அவன வைய வேணாம் தாயி. பைக்குல கொண்டாந்து எறக்கி விட்டுட்டு, குளுரும், போத்திக்கிடுங்கன்னு இதையும் குடுத்துட்டுத்தான் போறான்."