அணைய மாட்டேன் என்ற பல்பு

கூரையில் ஒரு எல்.இ.டி பல்பு. கீழே மேசையில் ஒரு சென்சார். பல்பு படுவேகமாக மின்னி மின்னிச் செய்தி அனுப்ப வேண்டும். எரிந்தால் ஒன்று, அணைந்தால் பூஜ்யம்.

பல்பு அணையவே இல்லை.

சென்சாருக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, நடுநடுவுல அணைங்க. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னே வருது."

"நான் அணைஞ்சா பாக்குறவங்க என்னடா நினைப்பாங்க?"

"அந்த வேகத்துல யார் கண்ணுக்கும் தெரியாதுண்ணே. செய்தி வரலேன்னா உங்களைக் கழட்டிடுவாங்க."

"இவ்வளவு வெளிச்சத்தையா? போடா."

மதியமே கழட்டினார்கள். புதுப் பல்பு நொடிக்கு லட்சம் தடவை அணைந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பழைய பல்பை அட்டைப்பெட்டியில் போட்டு, சென்சார் பக்கத்திலேயே வைத்தார்கள். சென்சார் பார்த்தது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"அண்ணே," என்றது, "இப்பவும் சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றீங்க."