கேட்காத காய்ச்சல்

காலையிலிருந்து அந்தக் கருவியைப் பிடித்துப் பிடித்து பிரிசில்லாவுக்கு மணிக்கட்டு கடுத்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரை அட்டையின் மேலும் அதை வைத்து அழுத்த வேண்டும். நல்ல மாத்திரை என்றால் பச்சை விளக்கு எரியும், போலி என்றால் சிவப்பு. சிவப்பு எரிந்த அட்டைகளை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டே வந்தாள். சாக்கு இப்போது தானாகவே நிமிர்ந்து நின்றது.

ஜன்னலுக்கு வெளியே சேர்மக்கனி வந்து நின்றார். போலி மாத்திரைப் பேச்சு அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. சட்டைப் பையிலிருந்து கசங்கிய அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் ஓரத்தில் ஒரே ஒரு மாத்திரை மிச்சமிருந்தது.

“எம் பொஞ்சாதிக்கு நீங்க குடுத்ததும்மா. இதையும் வச்சுப் பாருங்க.”

“அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?”

“போன மாசம் தவறிட்டா.”

பிரிசில்லா கருவியைக் கீழே வைத்தாள். “இனிமே பாத்து என்ன ஆவப்போவுது அண்ணாச்சி?”

“காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கவே இல்ல. ஒழுங்காப் போடுதாங்களான்னு டாக்டரு கேட்டாரு. போடுதேன்னுதான் அவ சொன்னா. நான்தான் நம்பல. சொன்ன பேச்சக் கேக்க மாட்டியான்னு கடைசி வரைக்கும் ஏசிக்கிட்டே இருந்தேன்.”

அவள் கருவியை எடுத்து மாத்திரையின் மேல் அழுத்தினாள். எரிந்த விளக்கில் அவள் விரல்களெல்லாம் சிவப்பாயின.

சேர்மக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்தார்.

“ஒழுங்காத்தான் போட்டிருக்கா,” என்றார்.