காய்ந்தால் தெரியும் சிவப்பு

“இந்த வாரமும் கலர் ஒத்துவரலை, மேடம்.”

கடைக்குள் கால் வைப்பதற்கு முன்பே ஓஸ்வால்ட் சொல்லிவிட்டார்.

பிரேசர் டவுனில், மறைந்த கணவரின் பெயின்ட் கடையை நடத்திவரும் ஜோவிதா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “என்ன ஆச்சு?”

“காஞ்சதும் இருண்டுபோச்சு. டிராக்டருக்கே பிடிக்கலை. ஸ்டார்ட் பண்ணினா ரிவர்ஸ்லயே போகுது. பக்கத்து வீட்டு எருமை, ‘யாரு இது புதுசா’ன்னு பார்க்குது.”

பொய் சொல்லும்போது ஓஸ்வால்டின் முகத்தில் எதுவும் அசையாது. ஊருக்கு வெளியே சந்தாபுராவில் அவருடைய ஷெட்டில், துருவெல்லாம் சுரண்டி பிரைமர் அடித்த பழைய டிராக்டர் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் வரிசையாக, மூடிகூடத் திறக்காத சிவப்பு டின்கள். சனிக்கிழமைக்கு ஒன்று. பூசி முடித்துவிட்டால் அப்புறம் என்ன சொல்லிக்கொண்டு இந்தக் கடைக்கு வருவது? மனைவி காலமான பிறகு அவருடைய எருமைக் கதைகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டவர் ஜோவிதா ஒருவர்தான்.

“ஈரத்துல எல்லா சிவப்பும் நல்லாத்தான் இருக்கும், சார். காஞ்சாதான் அதோட குணம் தெரியும். பேசாம ரெடிமேட் எனாமல் எடுத்துக்கறீங்களா?”

“அய்யோ, வேணாம். டீசல் பட்டா உரிஞ்சுடும். நீங்க கலந்து குடுக்கறதுதான் நிக்கும்.”

ஜோவிதா சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த டிராக்டர் மட்கார்டைக் கழற்றிக் கவுன்டரில் வைத்தார். நிறம் பார்க்க ஓஸ்வால்ட் முதல் நாள் கொண்டுவந்து கொடுத்தது அது. விளக்கு மூடியிருந்த இடத்தில் மட்டும், வெயில் படாத பழைய சிவப்பு உள்ளங்கையளவு மிச்சமிருந்தது.

“இதை இன்னைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க, சார்.”

“ஏன்?”

“அடுத்த சனிக்கிழமை கடை இருக்காது. ஃபாரின்ல, பெர்த்ல இருக்கற பொண்ணு அங்கேயே வந்துடுன்னு ஒரே பேஜார் பண்றா.”

ஓஸ்வால்ட் மட்கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“டிக்கெட் எடுத்தாச்சா?”

“இன்னும் இல்ல.”

எப்போதும் உள்ளே போய்க் கலக்கும் ஜோவிதா, இன்று கவுன்டரிலேயே டின்னைத் திறந்து கலக்க ஆரம்பித்தார். சிவப்புக்குள் குச்சி சுற்றிச் சுற்றி வந்தது. அது நிற்கவே கூடாது என்று ஓஸ்வால்ட் வேண்டிக்கொண்டார்.

“ஆமா, டிராக்டர்ல சீட் ஒண்ணுதானே? கூட வர்றவங்க எங்க உட்காருவாங்க?”

“மட்கார்டுலதான்.” அதைக் கையால் தடவினார். “ஆனா எங்கூட வர்றதுக்கு…”

ஜோவிதா மூடியை அழுத்தி மூடி, டின்னை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இதுவும் ஒத்துவராது, மேடம்,” என்றார் ஓஸ்வால்ட்.

“வரும். முதல்ல மட்கார்டுக்குப் பூசுங்க. நல்லா காய விடுங்க. சேலையில ஒட்டக்கூடாது.”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. “ஒத்துவரும்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

ஜோவிதா குனிந்து, கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு பெயின்ட் டின்னை எடுத்து மேலே வைத்தார்.

“ஒவ்வொரு வாரமும் உங்க சிவப்புல இதுலேர்ந்து ஒரு ஸ்பூன் கூடப் போட்டுட்டிருந்தேன், சார். காஞ்சா இருண்டுபோகும், திரும்ப வருவீங்கன்னு. இன்னைக்குத்தான் போடலை.”

எருமை, ரிவர்ஸ் சமாச்சாரங்களைத் தவிர, இத்தனை மாதமாக முகம் மாறாமல் தான் சொல்லிவந்த பொய்யெல்லாம் சுத்தமான உண்மை என்பது அப்போதுதான் ஓஸ்வால்டுக்குத் தெரிந்தது.