படத்தில் இருந்த கை

"அந்தப் படத்த வரைஞ்சது யாருன்னு சித்திக்கு நல்லாத் தெரியும். வேணும்னே மறைக்கிறாங்க," என்று பொருமினான் பரணிதரன்.

"மெதுவா. காதுல விழப்போவுது," என்றாள் மனைவி சங்கரி.

விழட்டும் என்றுதானே அவன் கத்தியதே!

அப்பா காலமானபின் செங்கல்பட்டு வீட்டைக் காலி செய்து, அந்தப் படத்தையும், அப்பா இரண்டாந்தாரமாகக் கட்டிய சித்தி எல்லம்மாளையும் கூடுவாஞ்சேரியில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தான். படத்தை ஆசையாக, சித்தியைக் கடமைக்கு.

பெற்றவள் அவனை மடியில் வைத்திருக்கும் வண்ணப்படம். அவனுக்கு ஒரு வயது நிறையும் முன்பே போய்விட்டாள். அம்மா என்று அவன் அறிந்ததெல்லாம் அந்தப் படம்தான். பரீட்சையோ, ஆபீஸோ, எதற்குக் கிளம்பினாலும் குழந்தையை அணைத்திருக்கும் அந்தக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். சுண்டுவிரல் லேசாக வளைந்த கை.

இப்போது அம்மாவின் முகத்தில் சாயம் உரிய ஆரம்பித்திருந்தது. வேறு போட்டோவும் கிடையாது. வரைந்தவரே வந்து தொட்டால்தான் முகம் மாறாமல் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

"பேரு மறந்துபோச்சுப்பா. வேற ஆருகிட்டயாச்சும் குடேன்," என்றாள் சித்தி, பத்தாவது தடவையாக.

"செத்தவங்க மேலகூடவா பொறாமை?" என்று பல்லைக் கடித்தான்.

விடுவானா? ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஓவியர்கள் அதிகம் இருக்கும் மாமல்லபுரம் போனான். படக்கடை படக்கடையாக ஏறி இறங்கியதில் ஒருவர், "இது நம்ம ராஜாராம் அண்ணாத்த போட்டது" என்று வீட்டுக்கு வழி சொன்னார்.

ராஜாராம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீதானா அந்தப் புள்ள? இன்னா அழுகை அழுத! அந்தம்மா மடியில வச்சாதான் கம்முனு இருப்ப."

"எங்கம்மா மடியிலதானே?"

"அவங்கதான் அப்ப உசுரோடவே இல்லியே. உங்க சித்திப்பா. கல்யாணம் ஆன புதுசு. நைஞ்சுபோன சின்ன போட்டோ ஒண்ணு எடுத்துகினு வந்தாங்கோ. மூஞ்சி மட்டுந்தான் தெரியுது. 'புள்ளைய அவங்கம்மா தூக்கி வச்சிருக்காப்புல போட்டுக் குடுங்க'ன்னாங்கோ. மூஞ்சி கீது, மத்ததுக்கு நான் எங்க போறது? உங்கம்மா பொடவையக் கட்டிகினு, உன்ன மடியில வச்சிகினு, அவங்களே உட்காந்தாங்கோ."

பரணிதரன் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என் பேரக்கூட போட வேணாம்னுட்டாங்கோ. 'தெரிஞ்சா நாளைக்குத் தேடிகினு வருவான், நீங்க ஒளறிடுவீங்க. முழுசா அவங்கம்மாவாவே இருக்கட்டும்'னாங்கோ. பாரு, ஒளறிட்டேன்!"

படத்தைச் சரிசெய்ய அவரிடமே விட்டுவிட்டு வீடு திரும்பினான். என்ன மனுஷி இவள் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

சித்தி சோறு போட்டாள். முப்பது வருஷமாக அந்தக் கை போட்ட சோற்றைத் தின்றவன், அன்றுதான் அந்தக் கையைப் பார்த்தான்.

சுண்டுவிரல் லேசாக வளைந்திருந்தது.

மறுநாள் காலை, ஆபீசுக்குக் கிளம்பிய பரணிதரன் நேராக அடுப்படிக்குப் போனான். மாவு அள்ளிக்கொண்டிருந்த சித்தியின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.