தக்காளித் தோல்

நேற்று அங்கிளுக்குச் சாப்பிட என்ன கொடுத்தீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று டாக்டர் மாதுரி ஹிந்தியில் கேட்டாள். அவள் விரல் கம்ப்யூட்டர் திரையில் ஓர் இடத்தில் நின்றது.

வசுமதி குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள்.

உள்ளே அவள் கணவர் ராஜாராமன் சி.டி. ஸ்கேன் மேஜையிலிருந்து இறங்கி உடை மாற்றிக்கொண்டிருந்தார். பாவம், குடலுக்குள் காற்றை ஏற்றி, மல்லாக்க ஒரு தடவை, குப்புற ஒரு தடவை என்று மனிதரைப் படாதபாடு படுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஆபரேஷன். இடப்பக்கத்துப் புற்றுக்கட்டி வழியை அடைத்துக்கொண்டு கேமராக் குழாயை மேலே போகவிடவில்லை. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த சி.டி.

பார்த்தாயிற்று. வலப்பக்கம் சுண்டைக்காய் அளவில் இன்னொன்று தெரிந்தது.

அதுவும் கட்டிதான் என்றால் பெருங்குடல் முழுவதையும் எடுக்க வேண்டிவரும். ஆயுசுக்கும் வயிற்றில் மலப் பை.

சாப்பாட்டு மிச்சமாக இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் மிச்சம் என்றால் ஆள் புரளும்போது இடம் மாறும், இது அசையவில்லையே என்றாள் டாக்டர். தக்காளித் தோல் மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உண்டு.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷமாகச் சமைக்கிறாள் வசுமதி. அவள் கைப்பக்குவத்தை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை.

"ரசம் கொடுத்தேன். வடிகட்டவில்லை. தக்காளியெல்லாம் அப்படியே இருந்தது" என்றாள்.

டாக்டருக்கு வந்ததே கோபம். திப்பி இல்லாத பானம் மட்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தோமே, படித்தவர்தானே நீங்கள், இத்தனை பேர் உழைப்பும் வீண் என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

வசுமதி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்னும் திட்டேன் பெண்ணே என்று இருந்தது அவளுக்கு. டாக்டர் திட்டத் திட்டத்தான் அந்தச் சுண்டைக்காய் கொஞ்சம் கொஞ்சமாகத் தக்காளித் தோலாகிக்கொண்டு வந்தது.

கடைசியில் டாக்டர் பேனாவை எடுத்தாள். உணவு மிச்சமாக இருக்கலாம், ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் என்று எழுதினாள்.

ஒரு வாரம்! வசுமதிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ராஜாராமன் சட்டைப் பித்தானைப் போட்டபடியே வெளியே வந்தார். திட்டு அவர் காதிலும் விழுந்திருந்தது.

"ரசமா? நேத்திக்குப் பூரா வெறும் ஜலமும் இளநீரும்தானேடி குடுத்தே எனக்கு?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அங்கிள் என்ன சொல்கிறார் என்று வசுமதியைப் பார்த்தாள்.

ரொம்பப் பசிக்கிறதாம் என்று ஹிந்தியில் சொன்னாள் வசுமதி.