மன்னிப்புப் பாட்டு

"அக்கா, பாட்டு மறந்து போச்சு."

"எந்த வரி?"

"எல்லா வரியும்."

அவள் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள். எதிரே நின்றவன் நாடகத்தின் நாயகன். பல்கலைக்கழகம் முழுக்க அவனுக்குக் 'குயில்' என்று பேர். ஜரிகை அங்கி, ஒட்டு மீசை எல்லாம் இருந்தன. முகத்தில்தான் ரத்தமே இல்லை.

"எழுதி வச்சிருந்த காகிதம் எங்க?"

"சட்டைப் பையில."

"சட்டை?"

"மத்தியானம்தான் துவைச்சேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் போட்டது ஓபரா. பசிக்கிறது என்பதைக்கூடப் பாடித்தான் சொல்ல வேண்டிய நாடகம். அதுவும் வேற்று நாட்டு மொழியில். குழுவில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. அவரவர் பாட்டை அவரவர் கிளிப்பிள்ளை மாதிரி நெட்டுருப் போட்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கும் ஒன்றும் விளங்காது என்பதால், மேடைக்கு மேலே ஒரு சின்னத் திரையில் அர்த்தத்தை ஓடவிடுவது அவள் வேலை. குழுவுக்குத் தலைவியும் அவள்தான்.

அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அவர் மூஞ்சியைப் பார்த்தேங்க்கா. அதோட சரி."

அவர் பேராசிரியர். அந்த நாட்டிலேயே பல வருஷம் இருந்து மொழியைக் கரைத்துக் குடித்தவர் என்று பேச்சு. அவர் சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. அரங்கத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவரும் அவரே. டேபிள் டென்னிஸ்காரர்கள் அந்த இடத்தின் மேல் கண் வைத்து, மேஜையை ஏற்கெனவே வராந்தாவரை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இன்று அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் நாடகக் குழுவுக்கு மரத்தடிதான் கதி.

இடைவேளை முடிந்து மணி அடித்தது.

"அந்த பாஷையில வேற ஏதாவது தெரியுமா உனக்கு?"

குயில் யோசித்தான். "ஒண்ணு தெரியும். ஆனா அது பாட்டு இல்லக்கா."

"மனப்பாடமா தெரியுமா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"போதும். அதையே ராகத்துல இழுத்துப் பாடு. முகத்துல மட்டும் சோகத்தை விட்டுடாதே. அர்த்தத்தை நான் பார்த்துக்கறேன்."

"அவரு?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? போடா!"

சாகக் கிடக்கும் தாயிடம் மகன் மன்னிப்புக் கேட்கும் காட்சி. குயில் மண்டியிட்டான். கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

அவள் பட்டனைத் தட்டினாள். 'அம்மா, நான் பாவி' என்று ஓடியது திரை. 'என் மேல் படிந்த கறை போகுமா, அம்மா?' என்றது அடுத்து. அரங்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. தாயாகப் படுத்திருந்தவளுக்குப் பாட்டு மாறியதுகூடத் தெரியவில்லை. அழச் சொல்லியிருந்த இடத்தில் அழுதாள். குயிலோ உருகி ஓடினான். விஷயம் சின்னது, ராகம் பெரியது என்பதால் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தடவை பாட வேண்டியிருந்தது.

அவள் திரைச்சீலை இடுக்கு வழியே முன் வரிசையைப் பார்த்தாள். பேராசிரியர் கைக்குட்டையில் முகத்தைப் புதைத்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. அவளால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

நாடகம் முடிந்ததும் அவர் நேரே ஒப்பனை அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. இருவரும் எழுந்து நின்றார்கள்.

"இந்த ஓபராவை அந்த ஊர்ல எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்" என்றார். "இந்தக் காட்சியில எனக்குக் கண்ணுல தண்ணி வந்தது இன்னிக்குத்தான்."

"சார்..." என்றான் குயில்.

"உச்சரிப்பு சுத்தமா இருந்துது, தம்பி. ஒரு சொல் விடாம புரிஞ்சுது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அரங்கம் உங்களுக்குத்தாம்மா. அந்த மேஜையை எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அவள் அட்டைச் சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அது அமுங்கியது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"ஒரு சொல் விடாம புரிஞ்சுதாம்! கரைச்சுக் குடிச்ச லட்சணத்தைப் பாரு. இந்த மனுஷனுக்குப் பயந்தா நாம இத்தனை நாளா நடுங்கினோம்? ஆமா, நீ அப்படி என்னத்தைடா பாடினே?"

குயில் ஒட்டு மீசையைப் பிய்த்தான். "நம்ம ஹாஸ்டல் வாஷிங் மெஷின் அந்த நாட்டுல செஞ்சதுக்கா. எந்தத் துணியை எப்படித் துவைக்கணும்னு மூடியில ஒட்டியிருக்கும். துணி வெளிய வர்ற வரைக்கும் அதைத்தான் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டு நிப்பேன்."

அவள் சிரித்த சிரிப்பில் விலா நோவெடுத்தது. 'நான் பாவி' என்று இவன் உருகியதும், அதைக் கேட்டு அவர் அழுததும் நினைவுக்கு வர, மறுபடி சிரித்தாள்.

கதவு திறந்தது. பேராசிரியர் குடையை மறந்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே வந்து எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் நின்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் மறுபடி குலுங்கின. அது அடங்கியதும் திரும்பினார். முகம் எப்போதும் போல உர்ரென்று இருந்தது.

"தம்பி, நாளைக்குப் பாடும்போது ஒரே ஒரு திருத்தம். கம்பளித் துணிக்குப் பச்சைத் தண்ணின்னுதான் போட்டிருக்கும். நீங்க மூணு தடவையும் வெந்நீர்னு பாடிட்டீங்க. சுருங்கிடும்."